ஆற்றின் அடியில் தங்கும் பிளாஸ்டிக்: பெங்களூரு ஓடைகளை வைத்து ஓர் எளிய விளக்கம்

பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கிச் சாலைக்கு வரும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம், "பாருங்கள், எவ்வளவு மைக்ரோபிளாஸ்டிக்" என்று யாராவது ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அந்த நுரை பிளாஸ்டிக் இல்லை. சோப்புத்தூள், ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் ஜெல் ஆகியவற்றின் வேதிப்பொருள்கள் சாக்கடையோடு வந்து, மதகில் விழும்போது காற்றோடு அடிபட்டுப் பொங்குவதுதான் அது. விருஷபாவதி ஆற்றில் மிதந்து போகும் தண்ணீர் பாட்டிலும் பால் கவரும் பிளாஸ்டிக்தான். ஆனால் அவையும் இன்னும் மைக்ரோபிளாஸ்டிக் ஆகவில்லை.

கண்ணுக்குத் தெரியும் இந்த இரண்டையும் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. பேசவேண்டிய சரக்கின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில், சேற்றோடு சேறாகக் கிடக்கிறது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது, ஏன் தங்குகிறது, எப்போது மறுபடி கிளம்புகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை.

எது மைக்ரோபிளாஸ்டிக்?

5 மில்லிமீட்டரைவிடச் சிறிய எந்த பிளாஸ்டிக் துணுக்கும் மைக்ரோபிளாஸ்டிக். உலகெங்கும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் வரம்பு இது. 2004-இல் ரிச்சர்ட் தாம்ப்சன் என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளரின் குழு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவலாயிற்று. இந்தியாவின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024-இல் செய்த திருத்தம் 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரை என்று வரையறுக்கிறது. 1,000 மைக்ரான் என்பது 1 மி.மீ. ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையும் ஓர் அரசு ஆவணமும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கக்கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவை இரண்டு வழிகளில் உருவாகின்றன. சில, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பொடியாக வருகின்றன: பிளாஸ்டிக் உருக்கும் ஆலைகளுக்கு மூட்டையில் வரும் குருணை, மினுமினுப்புத் தூள் போன்றவை. பெரும்பாலானவை பெரிய பொருள்கள் நொறுங்கி உண்டாகின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பொருள் மொரமொரப்பாகிறது. மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினால் கைப்பிடி கையோடு வந்துவிடுவது இதனால்தான். உடைந்தது மண்ணோடு மண்ணாகிவிடுவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. 5 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத் துண்டு, 50 மைக்ரான் பக்கமுள்ள துணுக்குகளாக உடைந்தால் 10 லட்சம் துணுக்குகள் கிடைக்கும். எடை அதேதான்.

வடிவமும் முக்கியம். இழை, சில்லு, மெல்லிய படலம், உருண்டை, தெர்மோகோல் போன்ற நுரைத்துண்டு என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பெங்களூரில் எங்கிருந்து வருகிறது

முதல் ஆள், துணி. பாலியஸ்டர் புடவை, லெகிங்ஸ், ஜெர்சி பனியன், அக்ரிலிக் ஸ்வெட்டர் எதுவானாலும் ஒவ்வொரு துவைப்பிலும் இழை உதிர்கிறது. 2016-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டார்கள். துணியின் வகை, சோப்பு, வெப்பம் பொறுத்து எண் மாறும். லட்சக்கணக்கில் என்பது மட்டும் மாறாது.

இரண்டாவது ஆள், டயர். சில்க் போர்டு சந்திப்பில் பிரேக் பிடித்துப் பிடித்து நகரும் ஒவ்வொரு வண்டியும் டயரைத் தேய்த்துக்கொண்டே போகிறது. டயர் என்றால் ரப்பர் மரத்துப் பால் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் கணிசமாக இருக்கிறது. தேய்ந்த கருந்தூள் சாலையோரம் படிந்திருந்து, முதல் மழையில் வடிகாலுக்குள் இறங்கும். அடுத்து பெயின்ட் செதில், கிழிந்த தார்ப்பாய், கட்டட வேலைத் தளங்களின் பச்சை வலை, தெருமுனையில் கொட்டிய குப்பை. இவை எல்லாம் தெரிந்த கதை.

இந்த ஊரின் நில அமைப்பு இங்கே கவனிக்கவேண்டியது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஊருக்குள் பெரிய ஆறு வருவதில்லை. ஊரிலிருந்து ஆறுகள் கிளம்புகின்றன. மேற்குப் பக்கச் சாக்கடை விருஷபாவதியில் இறங்கி, மைசூர் சாலையை ஒட்டி ஓடி, பைரமங்கலா நீர்த்தேக்கம் வழியாக அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி, சங்கமம் என்ற இடத்தில் காவிரியோடு கலக்கிறது. அதன் பிறகு ஒகேனக்கல், மேட்டூர். கிழக்குப் பக்கம், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் இறங்குகிறது. இங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. அடுத்த தங்கல் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர்.

சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரி நீரை மேடேற்றிக் கொண்டுவந்து, துணி துவைத்து, இரண்டு திசையிலும் கீழே அனுப்புகிற ஊர் இது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கிற நம் வீட்டு வாஷிங் மெஷின் குழாய்க்கும் தர்மபுரியில் இருக்கிற சொந்தக்காரர் வயலுக்கும் நடுவில் அறுபடாத ஒரு தண்ணீர்ப் பாதை இருக்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: 5 மி.மீ.-க்குக் குறைந்த துணுக்குகள். பெரும்பாலும் நொறுங்கியோ தேய்ந்தோ உதிர்ந்தோ உண்டானவை. சாக்கடை, மழைநீர் என்ற இரண்டு வழியாகவும் ஓடைக்குள் வருகின்றன. இனி ஓடைக்குள் என்ன நடக்கிறது?

கல் அரிக்கும் கணக்கு

ரேஷன் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, லேசாகச் சாய்த்துச் சுழற்றினால் உமியும் பதரும் முதலில் மேலே வந்து வழிந்துவிடும். அரிசி தண்ணீரோடு நகர்ந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியில் தங்கும். கை வேகம் கூடினால் கல்லும் அரிசியோடு போய்விடும். குறைந்தால் அரிசியே நகராது. ஒரு துகள் மிதக்குமா, போகுமா, தங்குமா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் அடர்த்தி, அதன் அளவு, தண்ணீரின் வேகம்.

ஆறும் இதையேதான் செய்கிறது. அடர்த்தி என்பது ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் எடை. தண்ணீருக்கு 1 கிராம். கேரி பேக், பால் கவர் செய்யும் பாலித்தீனுக்கு 0.91 முதல் 0.97, பக்கெட், கயிறு, பிளாஸ்டிக் சாக்கு செய்யும் பாலிப்ரொப்பிலீனுக்கு சுமார் 0.9. இவை மிதக்கும். நைலான் 1.14. தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் ஒரே பொருள்தான், அதன் பெயர் பெட், அதற்கு 1.38 அளவில். பிவிசி குழாய்க்கு சுமார் 1.4. இவை மூழ்கும். மூடிய காலி பாட்டில் மிதப்பது உள்ளே காற்று இருப்பதால். அதே பாட்டிலின் ஒரு சில்லு தண்ணீரில் போட்டால் கீழே போய்விடும். "பிளாஸ்டிக் என்றால் மிதக்கும்" என்ற பொது நம்பிக்கை இந்த இடத்திலேயே உடைகிறது.

எவ்வளவு வேகமாக மூழ்கும்? அசையாத தண்ணீரில், நுண்துகள்களின் மூழ்கும் வேகம் அடர்த்தி வித்தியாசத்துக்கு நேராகவும், விட்டத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் கூடும். கணக்குப் போட்டால், 100 மைக்ரான் விட்டமுள்ள பெட் உருண்டை நொடிக்கு 2 மி.மீ. இறங்கும், ஒரு மீட்டர் ஆழத்துக்கு 8 நிமிடம். விட்டம் பத்தில் ஒரு பங்காகி 10 மைக்ரான் ஆனால் வேகம் நூறில் ஒரு பங்கு. அதே ஒரு மீட்டருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓடுகிற நீரில் அவ்வளவு நேரம் யார் விடப்போகிறார்கள்?

மணலோடு ஒப்பிட்டால் இன்னொன்று விளங்கும். ஆற்று மணலின் அடர்த்தி 2.65. ஆகவே 100 மைக்ரான் பெட் உருண்டை, ஏறக்குறைய 50 மைக்ரான் மண் துகள் எந்த வேகத்தில் இறங்குமோ அந்த வேகத்தில்தான் இறங்கும். அதாவது பிளாஸ்டிக் தன்னைவிடச் சிறிய மண் துகளோடு சேர்ந்து படிகிறது. சுத்தமான மணல் திட்டில் அதைத் தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். வண்டல் படியும் இடங்களில் தேடவேண்டும்: வளைவின் உட்பக்கம், தடுப்பணைக்குப் பின்னால், பாலத்தூணின் நிழலில், ஏரிக்குள் ஓடை நுழைந்து வேகம் தணியும் வாய்ப்பகுதியில்.

இழைகள் இந்தக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. நீளமாக, வளைந்து நெளிந்து இருப்பதால் மெதுவாக இறங்கும்; அதே காரணத்தால் வேர், பாசி, துணிக்கந்தல் எதிலும் சிக்கும்.

மிதக்கவேண்டியது ஏன் அடியில் கிடக்கிறது

படுகைச் சேற்றை எடுத்து ஆராய்ந்தால் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும்கூட ஏராளமாகக் கிடைக்கின்றன. அடர்த்திக் கணக்குப்படி அவை மிதந்து கடலுக்குப் போயிருக்கவேண்டும். போகாததற்குக் காரணம், தண்ணீருக்குள் வந்த பிளாஸ்டிக் வெறும் பிளாஸ்டிக்காக இருப்பதில்லை.

சில மணி நேரத்திலேயே அதன் மேல் பாக்டீரியா ஒட்டத் தொடங்கும். நாள்கணக்கில் பாசியும் அவை சுரக்கும் பசையும் சேர்ந்து ஒரு வழவழப்பான தோல் உருவாகும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். பசையில் களிமண் துகள் ஒட்டும். எடை கூடும். ஒரு கட்டத்தில் துணுக்கின் மொத்த அடர்த்தி 1-ஐத் தாண்டியதும் மூழ்கும். துணுக்கு சிறியதாக இருந்தால் அதன் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். ஆகவே சிறியதுதான் முதலில் மூழ்கும்.

சாக்கடை கலந்த நீரில் இது இன்னும் விரைவு. கழிவு நீரில் ஏற்கனவே களிமண், மலக்கழிவுத் துகள், எண்ணெய்ப்பிசுக்கு எல்லாம் சேர்ந்து பஞ்சுபோலத் திரண்டு கீழிறங்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் துணுக்கும் அந்தத் திரளில் மாட்டிக் கூடவே இறங்கும். நம் ஓடைகளில் ஊட்டச்சத்தும் சாக்கடையும் நிறைய இருப்பதால் உயிர்ப்படலம் வளர எல்லா வசதியும் உண்டு. தவிர, விலை குறைக்க சுண்ணாம்புத் தூள் கலந்து செய்யும் மலிவான பிளாஸ்டிக் பொருள்கள் தொடக்கத்திலிருந்தே கனமாக இருப்பதும் உண்டு.

படுகை ஒரு சல்லடை

ஆற்றின் அடி என்பது தரை போட்ட கூடம் மாதிரி ஒரு தளம் என்றுதான் பலர் மனத்தில் இருக்கிறது. உண்மையில் மணலும் கூழாங்கல்லும் உள்ள படுகைக்குள் தண்ணீர் நுழைந்து, சில சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கீழே போய், சற்றுத் தள்ளி மறுபடி மேலே வருகிறது. சிறு மேடுகளின் முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு; இந்த வித்தியாசமே நீரை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிறது. இதைப் படுகை ஊடோட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் உள்ளே போகும்போது துணுக்கும் போகிறது. வரும்போது தண்ணீர் மட்டும் வருகிறது. துணுக்கு மணல் இடுக்கில் தங்கிவிடுகிறது. மூழ்கும் அளவுக்குக் கனமில்லாத 10 மைக்ரான் துணுக்குகூட இந்த வழியில் படுகைக்குள் போய்விடும். 13 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லாத குறுக்குவழி. போதாததற்கு, சேற்றுப் புழுக்களும் பூச்சிப் புழுக்களும் மண்ணைக் கிளறி மேலுள்ளதைக் கீழே கொண்டுபோகும்.

பெங்களூரில் இதற்கு ஒரு திருப்பம் உண்டு. ராஜகாலுவே எனப்படும் பெரிய வடிகால்களில் நிறைய இடங்களில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, அடியிலும் கான்கிரீட் போட்டாயிற்று. கான்கிரீட்டுக்குள் ஊடோட்டம் கிடையாது. வழுவழுப்பான தளத்தில் நீர் வேகமும் அதிகம். அங்கே துணுக்கு தங்காது. வாய்க்கால் சுத்தமாகத் தெரியும். சரக்கு எல்லாம் வேகம் தணியும் முதல் இடத்தில், அதாவது அடுத்த ஏரியிலோ அணையிலோ போய் இறங்கும். வடிகாலைக் கான்கிரீட் ஆக்குவது வெள்ளத்துக்குச் சரியா தவறா என்பது தனி வழக்கு. துணுக்குகளைப் பொறுத்தவரை அது பிரச்சினையை அடுத்தவர் வாசலுக்கு நகர்த்துவது மட்டும்தான்.

சாரம்: கனமானது தானே மூழ்கும், லேசானது உயிர்ப்படலமும் களிமண்ணும் ஏறி மூழ்கும், மிக நுண்ணியதைப் படுகை ஊடோட்டம் உள்ளே இழுக்கும். மூன்று வழியும் முடிவது அடியில். அதனால்தான் மேலே ஓடும் நீரை மட்டும் சோதித்து "இங்கே குறைவு" என்று சொல்வது பாதிக் கணக்கு.

வெள்ளம் வந்தால்

படுகையில் தங்கியது நிரந்தரமாகத் தங்கியது ஆகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 10 ஆறுகளில் 40 இடங்களில் படுகை மண்ணை, 2015–16 குளிர்கால வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, படுகைகளில் இருந்த மைக்ரோபிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளத்துக்கு முன் ஓர் இடத்தில் சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் மேல் துணுக்குகள் இருந்தன.

காரணம் கை வேகம் கூடினால் கல்லும் போகும் என்ற அதே விதி. நீர் படுகையின் மேல் உரசிச் செல்லும் விசைக்கு உராய்வு விசை என்று பெயர். அது ஓர் அளவைத் தாண்டும்வரை மண் அசையாது; தாண்டியதும் மேல் அடுக்கு மொத்தமாகப் பெயர்ந்துவிடும். பிளாஸ்டிக் மண்ணைவிட லேசு என்பதால் முன்னதாகவே கிளம்பும். ஊடோட்டம் ஆழத்தில் சேர்த்துவைத்ததோ, படுகையே புரளும் அளவு வெள்ளம் வந்தால்தான் வெளியே வரும்.

இங்கிலாந்து எண்ணை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. அங்கே ஆண்டு முழுக்கப் பரவலாக மழை. பெங்களூரில் மே மாதக் கோடை மழைக்குப் பிறகு, செப்டம்பர்–அக்டோபரில்தான் கனமழை குவிகிறது. நகரத்தில் தரை முழுக்கச் சிமென்ட் என்பதால் ஒரு மணி நேர மழைக்கே ஓடை நிரம்பி, மறுநாள் காலை வடிந்துவிடும். அதாவது நம் ஓடைகள் மாதக்கணக்கில் சேமித்து, சில மணி நேரத்தில் செலவழிக்கின்றன. அந்தச் சில மணி நேரத்தில் மாதிரி எடுக்க யாரும் ஓடைக்கு அருகே போகமுடியாது, போகவும் கூடாது. ஆண்டுச் சராசரி என்று சொல்லப்படும் எண்களை நம்பத் தயங்கவேண்டிய முதல் காரணம் இதுதான்.

எப்படி எண்ணுகிறார்கள், எங்கே தவறுகிறது

பள்ளி, கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய எளிய வடிவத்தைச் சொல்கிறேன். ராஜகாலுவேக்குள் இறங்கவேண்டாம், அது சாக்கடை. வற்றிய ஏரி வாய்ப்பகுதியின் ஓரம் போதும். ரப்பர் கையுறை, கம்பூட்ஸ் கட்டாயம்.

ஸ்டீல் கரண்டியால், ஒரே இடத்தைச் சுற்றி நாலைந்து புள்ளிகளில் மேல் 5 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்து, ஸ்டீல் டப்பாவில் கலந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் கவர் கூடாது. அலுமினியத் தாள் மூடி நிழலில் உலர்த்தலாம். ஆய்வகத்தில் 50–60 டிகிரியில் காயவைப்பார்கள், அதற்கு மேல் போனால் சில பிளாஸ்டிக் உருமாறும். கட்டிகளைக் கையால் மெல்ல உடைக்கவேண்டும். உரலில் இடித்தால் ஒரு துணுக்கு பத்தாகிவிடும், எண்ணிக்கை பொய்யாகும். 5 மி.மீ. ஸ்டீல் சல்லடையில் சலித்து, 200 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 360 கிராம் உப்பு கரைத்தால் உப்பு நீரின் அடர்த்தி 1.2 ஆகும். அதை வடிதாளில் வடிகட்டியபிறகே பயன்படுத்தவேண்டும். கடையில் விற்கும் கடல் உப்பிலேயே மைக்ரோபிளாஸ்டிக் இருக்கிறது. மண்ணைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, 600 மில்லி உப்பு நீர் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, மூடி ஓர் இரவு வைத்தால் மண் கீழே போகும், லேசான பிளாஸ்டிக்கும் இலைத்தூளும் மேலே நிற்கும். மேல் நீரை வடிதாளில் வடியுங்கள். அதே மண்ணுக்கு மூன்று முறை இப்படிச் செய்யவேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால் நிறைய கீழேயே நின்றுவிடும்.

வடிதாளை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சந்தேகமான துணுக்கைச் சிவக்கக் காய்ச்சிய ஊசி முனையால் தொட்டால் பிளாஸ்டிக் உருகும், சுருளும்; பருத்தி இழையும் இலைத் துணுக்கும் உருகாது. 1 மி.மீ.-க்கு மேலுள்ளவற்றுக்கு இந்தச் சோதனை ஓரளவு நம்பகமானது. அதற்குக் கீழே கண் ஏமாற்றும்.

இனி தவறுகள். அடர்த்தி எண்களை மறுபடி பாருங்கள்: 1.2 உப்பு நீரில் பெட்டும் பிவிசியும் மிதக்காது. துணி இழைகளில் பெரும்பங்கு பெட். ஆகவே சாதாரண உப்பில் பிரித்த எந்த எண்ணும் முக்கியமான ஆசாமியை விட்டுவிட்ட எண். ஆய்வகங்கள் துத்தநாகக் குளோரைடு கரைசலில் 1.5-க்கு மேல் கொண்டுபோகின்றன. அது அரிக்கும், மீன்களுக்கு நஞ்சு, வீட்டில் முயலக்கூடாது. இலைதழையைக் கரைக்க அவர்கள் பயன்படுத்தும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. இரும்பு உப்போடு சேர்ந்தால் கொதித்துப் பொங்கும்.

அடுத்தது, நம் உடம்பிலிருந்தே விழும் இழை. பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எண்ணினால் சொந்தச் சட்டையை எண்ணவேண்டியிருக்கும். அதற்காகத்தான் மண் போடாமல் மற்ற எல்லாப் படிகளையும் அப்படியே செய்த ஒரு வெற்று மாதிரியைப் பக்கத்தில் வைத்து, அதில் கிடைத்ததைக் கழிக்கவேண்டும். வெற்று மாதிரி இல்லாத முடிவை நான் படிப்பதோடு சரி, நம்புவதில்லை.

ஆய்வகங்களில் துணுக்கின் மேல் அகச்சிவப்பு ஒளியை விட்டு, எந்த பிளாஸ்டிக் என்று அடையாளம் காண்பார்கள். இது 10–20 மைக்ரான் வரை பயன்படும். லேசர் ஒளியைப் பயன்படுத்தும் ராமன் முறை 1 மைக்ரான் வரை போகும். டயர் தூளிடம் இரண்டும் திணறும், ஏனென்றால் அதிலுள்ள கரி ஒளியை விழுங்கிவிடுகிறது. அதற்குச் சூடாக்கிச் சிதைத்து, வரும் வாயுவை ஆராயும் வேறு முறை தேவை. பல ஆய்வுப் பட்டியல்களில் டயர் காணாமல் போவதற்கு இதுவே காரணம். சாலையில் அது இல்லாததால் அல்ல.

நாளிதழில் ஓர் எண் வந்தால் மூன்றைப் பாருங்கள். லிட்டர் நீருக்கா, கிலோ உலர் மண்ணுக்கா, சதுர மீட்டருக்கா? எவ்வளவு சிறியது வரை எண்ணினார்கள்? எந்த மாதம்? 300 மைக்ரான் வலையில் பிடித்ததையும் 20 மைக்ரான் வடிதாளில் பிடித்ததையும் ஒப்பிட்டு "அந்த ஆற்றைவிட இது மோசம்" என்று எழுதுவது, மீன்வலை போட்டவரின் கணக்கையும் கொசுவலை போட்டவரின் கணக்கையும் ஒப்பிடுவது.

சில தளர்ந்த கருத்துகள்

"எங்கள் அபார்ட்மென்டில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது, ஆகவே நாங்கள் சுத்தம்." நன்றாக இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் வரும் துணுக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிடித்தது அழிவதில்லை; கசடில் சேர்கிறது. கசடை உலர்த்தி உரமாக வயலில் போட்டால், மழை அதை மறுபடி ஓடைக்குக் கொண்டுவரும். மீதி 10 சதவீதமும் சிறியதல்ல, ஏனென்றால் ஒரு நகரத்தின் கழிவு நீர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோடி லிட்டரைத் தொடக்கூடியது. 2018 முதல் கே.சி. வேலி (கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் போகிறது. அந்த ஏரிகளின் வண்டலைத் தொடக்கத்திலிருந்து கண்காணிப்பது புத்திசாலித்தனம்.

"120 மைக்ரான் கேரி பேக்தானே, பரவாயில்லை." 2022 டிசம்பர் இறுதியிலிருந்து கேரி பேக்கின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. தடித்த பையைத் திரும்பப் பயன்படுத்தவும் பொறுக்கி விற்கவும் எளிது. விதியின் நோக்கம் அது. வெயிலில் கிடந்தால் தடித்த பையும் நொறுங்கும், துணுக்கு கூடுதலாகவே கிடைக்கும்.

"வாரத்துக்கு ஓர் ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம்." 2019-இல் பரவிய கணக்கு இது. வாரத்துக்கு 5 கிராம் என்பது அந்த மதிப்பீட்டின் மேல் எல்லை; பின்னால் வந்த கணக்கு அதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு குறைவாகச் சொல்கிறது. உடல்நலக் கவலைக்கு இடம் உண்டு, ஆய்வுகள் நடக்கின்றன. அதற்காக அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

தூர் வாரிய மண் எங்கே போகிறது

பெங்களூரில் ஏரிகளைத் தூர் வாரும் வேலை எப்போதும் எங்காவது நடந்துகொண்டிருக்கும். ஏரியின் கொள்ளளவைப் பற்றிப் பேசுவார்கள், கரையை உயர்த்துவார்கள், நடைபாதை போடுவார்கள். லாரியில் ஏறிப் போகும் வண்டலில் பல்லாண்டுத் துணுக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பது ஒப்பந்தத்தில் வருவதில்லை. அந்த மண்ணை விவசாயிகள் ஆசையோடு கேட்டு வாங்குவார்கள், ஏரி வண்டல் என்றாலே உரம் என்பது நம் பழக்கம். கிராமத்து ஏரிக்கு அது சரி. நகரச் சாக்கடை இறங்கிய ஏரிக்கு முதலில் சோதனை வேண்டும். பிளாஸ்டிக்கோடு கன உலோகமும் அதே நுண்வண்டலில்தான் ஒட்டியிருக்கும்.

வாரும் முறையிலும் வித்தியாசம் உண்டு. நீர் நிற்கும்போதே இயந்திரத்தால் கிளறி வாரினால் நுண்துகள் கலங்கி மதகு வழியே கீழே போய்விடும். நீரை வடித்து, வெயிலில் வெடிக்கும்வரை உலரவிட்டு, மழைக்கு முன் வெட்டி எடுத்தால் பெரும்பகுதி லாரியில் ஏறும். எடுத்ததைக் கரையிலேயே குவித்துவைத்தால் முதல் கனமழை அதில் பாதியைத் திரும்ப உள்ளே தள்ளும். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் மண் இடத்தைவிட்டுப் போயிருக்கவேண்டும். அதே இடத்தில், வாருவதற்கு முன் ஒரு மாதிரி, வாரிய பின் ஒன்று, மழைக்காலம் ஓய்ந்து டிசம்பரில் ஒன்று, ஒரே சல்லடை, ஒரே உப்புக் கரைசல், கிலோ உலர் மண்ணுக்கு எத்தனை என்று எண்ணினால், அந்த ஒரு மழைக்காலத்தில் மேலிருந்து புதிதாக வந்து படிந்தது அதிகமா குறைவா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.